உண்மை விளம்பிக்கு அப்பீல் கிடையாது

ஒரு திங்கட்கிழமை காலை, பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது அந்தச் சபதத்தை எடுத்தேன். இனி யார் என் மூக்குக்கண்ணாடிக் கடையைப் பற்றி ஒரு வரி எழுதினாலும் அது என் கண்ணுக்குத் தப்பக்கூடாது. போனில் அதற்கென்று ஓர் ஆப் போட்டேன். கடையின் பெயரை எவராவது எங்காவது எழுதினால் போதும், 'டிங்' என்று மணியடிக்கும்.

"எதுக்கு இந்தக் கூத்து?" என்றாள் மனைவி.

"வாடிக்கையாளர் சொல்றது வேதவாக்கு. அப்பீலே கிடையாது. அன்னிக்கே செஞ்சிடணும்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "அன்னிக்கேவா?" என்றாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை முதல் டிங். எழுதியவர் தன் பெயரை 'உண்மை விளம்பி' என்று போட்டிருந்தார். 'கடை ஃபேன் கடகடவென்று சத்தம் போடுகிறது. கவனிக்கவும்.' மதியத்துக்குள் எலெக்ட்ரீஷியன் வந்து சரிசெய்துவிட்டுப் போனார்.

"இதைத்தானே நாலு மாசமா கத்திக்கிட்டிருக்கேன்?"

"நீ சொல்றது வேற. இது பப்ளிக்."

புதன்: 'கடைக்காரர் காதோரம் காடு வளர்கிறது.' வெட்டிக்கொண்டேன். வியாழன்: 'அந்தப் பழுப்புச் சட்டைக்கு ஓய்வு கொடுக்கலாம்.' கொடுத்தேன். வெள்ளி: 'வலது கால் சாக்ஸில் ஓட்டை.' கழற்றிப் பார்த்தேன். இருந்தது. ஷூவுக்குள் இருக்கிற ஓட்டை அவருக்கு எப்படித் தெரிந்தது? யோசிக்க யோசிக்க எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தியா நம்ம லென்ஸோட மகிமையை? மனுஷனுக்கு ஷூவைத் தாண்டித் தெரியுது."

அவள் அந்தப் பக்கம் திரும்பி ரொம்ப நேரம் இருமினாள். "நல்ல லென்ஸ்தாங்க" என்றாள்.

சனிக்கிழமை மறுபடியும் டிங். 'ஞாயித்துக்கிழமை கடைக்கு லீவு விட்டா என்ன? பதினோரு வருஷமா வீட்டுல ஒருத்தி அன்னிக்கும் தனியாத்தான் சாப்பிடறா.'

இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவைதான் மண்டையில் உறைத்தது. ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் பார்வை சோதிக்கிறேன், வீட்டில் இருக்கிறவளைப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. அவள்மேல் பாசமாகவும் இருந்தது. கடைக் கதவில் 'ஞாயிறு விடுமுறை' என்று எழுதி ஒட்டினேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் முழுத் தோல்வியை எந்தப் புருஷன் ஒத்துக்கொள்வான்? டாக்டர் சொன்னாரென்று ஆறு மாதமாக எனக்கு எண்ணெயில் பொரித்த எதையும் கண்ணில் காட்டாமல் வைத்திருக்கிறாள். அவள் வழியிலேயே போய் அவளை மடக்கத் தீர்மானித்தேன். நானும் ஒரு வாடிக்கையாளர் ஆனேன். 'கடைக்காரர் துரும்பாக இளைத்துவிட்டார். பார்க்கவே பாவமாக இருக்கிறது. வீட்டில் நாளைக்காவது வாய்க்கு ருசியாக நாலு பொரித்துப் போடக்கூடாதா?' என்று தட்டிவிட்டு, ஒன்றும் அறியாதவன் போல வீட்டுக்குப் போனேன்.

ஞாயிறு மதியம். மேசையில் இரண்டு தட்டுகள். எதிரே அவள், முகமெல்லாம் சிரிப்பு. ஆசையாகப் பாத்திரத்தைத் திறந்தேன். வேகவைத்த காய். பக்கத்தில் வெள்ளரிக்காய்.

"என்னம்மா இது? ஒரு வாடிக்கையாளர் வேற மாதிரி எழுதியிருந்தாரே?"

"படிச்சேன்." போனை என் பக்கம் திருப்பினாள். "எழுதினது யாருன்னு மேல பாருங்க."

பார்த்தேன். என் கடையின் பெயர். அவசரத்தில் கடையின் ஆன்லைன் கணக்கிலிருந்தே எழுதித் தொலைத்திருக்கிறேன்.

"கீழ நாப்பத்தாறு பேர் பதில் போட்டிருக்காங்க. 'இளைச்சாரா? போன வாரம் ஸ்டூல் உடைஞ்சப்ப நான் அங்கதான் நின்னேன்'ங்கறார் ஒருத்தர். 'அடுத்த ஸ்டூல் இரும்புல வாங்குங்க'ங்கறாங்க ஒரு அம்மா. மிச்சப் பேரெல்லாம் காய்கறிதான் போடச் சொல்றாங்க."

"நம்ம வீட்டுச் சாப்பாட்டுல தலையிட இவங்கெல்லாம் யாரு?"

"வாடிக்கையாளருங்க." என் தட்டில் இன்னும் இரண்டு துண்டு வெள்ளரிக்காய் வைத்தாள். "அப்பீலே கிடையாதுன்னீங்க."

வெள்ளரிக்காயை அள்ளி விழுங்கினேன். அவள் குனிந்து மடியில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். என் சட்டைப்பையில் டிங்.

'கடைக்காரர் நன்றாக மென்று சாப்பிடவும்.'