மாண்புமிகு தங்கமே

குடிநீர் வழங்கல் துறை மாதாமாதம் எங்கள் ஊர்க்காரர்கள் அனைவருக்கும் மின்னஞ்சலில் ஒரு செய்திமடல் அனுப்பிவந்தது. எந்தத் தெருவில் என்றைக்குத் தண்ணீர் வராது, எந்தத் தொட்டியைக் கழுவுகிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். இருக்கும் என்று கேள்வி. நாங்கள் யாரும் திறந்து பார்த்ததில்லை.

இது புதிதாக வந்த இயக்குநரின் மனத்தை வெகுவாகப் புண்படுத்தியது. நட்சத்திர ஓட்டலில் நடந்த ஒரு பயிலரங்குக்குப் போய்வந்தவர் அவர். வந்த கையோடு மடல் எழுதும் எழுத்தரைக் கூப்பிட்டார்.

"என்னய்யா, உன் மடலை யாருமே திறக்கறதில்லையாமே?"

"கிழக்குப் பகுதி வால்வு பராமரிப்புன்னு தலைப்பு வச்சா எப்படி சார் திறப்பாங்க? என் வீட்டுக்காரியே திறக்க மாட்டேங்கிறா."

"பாசம் இல்லய்யா உன் எழுத்துல! மக்கள் தங்களைப் பத்தின எல்லாத்தையும் சமூக வலைத்தளத்துல கொட்டி வச்சிருக்காங்க. அதைப் படி. அவங்கவங்க மனசைத் தொடற மாதிரி நாலு வரி எழுது. தண்ணி விஷயம் கடைசியில வந்தாப் போதும்."

"ஊர்ல எல்லாருக்கும் தனித்தனியாவா சார்?"

"முடியலைன்னா சொல்லு. அணைக்கட்டு பம்ப் ஹவுஸ்ல ஒரு இடம் காலியாத்தான் இருக்கு."

அணைக்கட்டுக்குப் பேருந்து கிடையாது. பள்ளிக்கூடமும் கிடையாது. எழுத்தரின் மனைவிக்கு அப்போதுதான் ஒரு பல் மருத்துவரிடம் வேலை கிடைத்திருந்தது. ஆகவே அவர் அன்றைக்கே பாசத்தைத் தொடங்கிவிட்டார்.

"இனி மடல்கள் யாவும் பாசத்தில் தொடங்கி, பாசத்தில் நிலைபெற்று, ஈற்றில் தகவலைத் தொட்டுச் செல்லும்" என்று சுற்றறிக்கை வந்தது. எழுதிய பாசத்தைச் சரிபார்க்கக் கண்காணிப்பாளர் நியமிக்கப்பட்டார். ஓய்வுபெற்ற நீதிபதிக்கு எழுத்தர் 'தங்கமே' என்று எழுதியிருந்ததை, பதவிக்கு உரிய மரியாதை கருதி, 'மாண்புமிகு தங்கமே' என்று அவர் திருத்தினார்.

எங்கள் தெருத் தையல்காரருக்கு வந்த மடல் இது: "அன்பு அண்ணா, மச்சான் கல்யாணத்துல நீங்க ஆடின வீடியோவைப் பார்த்துத் துறையே பூரிச்சுப் போச்சு. இடுப்பு வலி இப்ப தேவலையா?" அவர் அதை அச்செடுத்துக் கடையில் மாட்டிவிட்டார். சட்டைக்கு அளவு கொடுக்கப் போனவர்கள் எல்லோராலும் அதை வாசித்த பிறகுதான் கையைத் தூக்க முடிந்தது.

ஊர் மொத்தமும் மடலைத் திறந்தது. நல்ல மடல் வரவேண்டும் என்பதற்காகவே ஆட்கள் படம் போட ஆரம்பித்தார்கள். முடி வெட்டினால் படம், பல் பிடுங்கினால் படம். ஒரு அம்மாள் துறையின் கவுன்டருக்கே போய்விட்டார்.

"எதிர்வீட்டுக்காரிக்கு நாலு வரி, எனக்கு ஒரு வரியா? அவ ரெண்டு வருஷமா வரியே கட்டலை, தெரியுமா?"

நியாயமான கேள்வி. துறை உடனே பாசக் குறைதீர்ப்பு முகாம் ஒன்றை நடத்தியது.

இந்த நிலையில் பெரிய தொட்டியை மருந்து போட்டுக் கழுவினார்கள். மறுநாள் குழாய்த் தண்ணீரை யாரும் குடிக்கக் கூடாது என்று மடலின் கடைசியில் தெளிவாகவே போட்டிருந்தது. நாங்கள் பாசம் முடியும் இடம்வரை படித்து, உருகி, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தோம். ஊரில் பாதிப் பேருக்கு வயிறு பிடுங்கிக்கொண்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து படம் போட்டோம். "படுத்துக்கிடந்தாலும் அந்தச் சிரிப்பு மாறலையே!" என்று துறை எழுதியது. மன்னித்துவிட்டோம்.

எழுத்தரின் மகனும் அந்த ஆஸ்பத்திரியில்தான் கிடந்தான். குளுக்கோஸ் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எழுத்தருக்கு அப்போதுதான் உறைத்தது. தான் எழுதியதைத் தன் வீட்டிலேயே யாரும் கடைசிவரை படிக்கவில்லை. அடுத்த முறை தொட்டியைக் கழுவியபோது அவர் யாரையும் கேட்காமல் எல்லோருக்கும் ஒரே வரி அனுப்பினார்: "நாளை குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள்."

விடிந்ததும் அலுவலக வாசலில் கூட்டம். தையல்காரர் கண் கலங்க முன்னால் நின்றார்.

"நான் என்னங்க தப்பு பண்ணேன்? அண்ணான்னு ஒரு வார்த்தை கூப்பிடலையே!"

"தண்ணி குடிக்காதீங்கன்னு போட்டிருந்தேனே, பாத்தீங்களாண்ணா?"

"அதை யாருங்க பாத்தா! மனசே விட்டுப்போச்சு. ஒரு சொம்பு தண்ணியைக் குடிச்சுட்டு நேரா இங்கதான் ஓடிவரேன்."

பொதுமக்களிடம் பாசக் குறைவாக நடந்துகொண்டதற்கு வேலையே போய்விடும் என்று எழுத்தர் பயந்துகொண்டிருந்தார். சாயங்காலம் இயக்குநரிடமிருந்து மடல் வந்தது. வீட்டில் உட்கார்ந்து திறந்தார்.

"அன்புத் தம்பி, மகனுக்கு நீங்க சைக்கிள் கத்துக்கொடுக்கிற படத்தைப் பார்த்தேன். இப்படியும் ஒரு அப்பாவா! எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு..."

எழுத்தருக்கும் கலங்கிவிட்டது. "நாமதான் இவரைத் தப்பா நெனச்சுட்டோம்" என்று மனைவியிடம் சொல்லி, "என்றும் உங்கள் அன்புத் தம்பி" என்று பதில் எழுதி, ஒரு இதயத்தையும் சேர்த்து அனுப்பினார்.

மனைவி போனை வாங்கி விரலால் தள்ளிக்கொண்டே போனார். "கீழ என்னமோ போட்டிருக்கே, படிச்சீங்களா?"

கீழே பொடி எழுத்தில் இருந்தது: "தங்களை அணைக்கட்டு நீரேற்று நிலையத்துக்கு மாற்ற உத்தேசம். ஆட்சேபம் இருப்பின் தெரிவிக்கவும். அன்பான பதில் எதுவும் சம்மதமாகக் கொள்ளப்படும்."

மறுவாரமே அவர் அணைக்கட்டுக்குப் போய்விட்டாராம். அவர் மனைவி வேலையை விட்டுவிட்டாராம். இதெல்லாம் எங்கள் எல்லோருக்கும் வந்த அடுத்த மடலின் கடைசியில் இருந்ததாகப் பிற்பாடு யாரோ சொன்னார்கள். எனக்கு வந்த மடலில் என் புது மூக்குக்கண்ணாடியைப் பற்றி அவ்வளவு அழகாக எழுதியிருந்தார்கள்.