புகை வராத வண்டி

கையில் இருந்த பிஸ்டனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ரேடியேட்டர் பல்லைக் கடித்தார். அது புதுசு போலப் பளபளத்தது.

ரேடியேட்டர் என்பது மற்ற மெக்கானிக்குகள் அவருக்கு வைத்த பெயர். சீக்கிரம் கொதித்துவிடுவார், எதிரில் நிற்பவர் முகம் வெந்துவிடும். அவர் காதுபட அந்தப் பெயரைச் சொல்லும் தைரியம் இதுவரை யாருக்கும் வந்ததில்லை.

முந்தின நாள் சாயங்காலம் யாரோ ஒருவர் போன் செய்திருந்தார். வெள்ளைக் கார், ஆயிலைக் குடிக்கிறது, பின்னால் நீலப் புகை தள்ளுகிறது, பிஸ்டனும் ரிங்கும் மாற்ற வேண்டும் என்றார். காலையில் வண்டியைக் கடை வாசலில் விட்டு, சாவியை ஷட்டருக்கு அடியில் தள்ளிவிடுவதாகவும் சொன்னார். காலையில் வந்தால் வாசலில் வெள்ளைக் கார், ஷட்டருக்கு அடியில் சாவி. ஸ்டார்ட் செய்து பார்த்தார். புகை இல்லை. நன்றாகச் சூடானால் வரும் என்று எஞ்சினைப் பிரித்துவிட்டார்.

பிரித்தால் உள்ளே ஒரு கோளாறும் இல்லை. ரிங்குகள் கச்சிதமாக இருந்தன. சிலிண்டர் சுவரில் தேய்ந்த தடமே கிடையாது. போன்காரரைக் கூப்பிட்டார். தொடர்பு எல்லைக்கு அப்பால் இருப்பதாக ஒரு பெண் குரல் சொன்னது. அந்தக் குரலையும் நாலு திட்டுத் திட்டினார்.

"கண்ணு தெரியாதவன்லாம் கார் வெச்சிருக்கான்" என்று பக்கத்துக் கடை வெல்டரிடம் சொல்லிக்கொண்டே பிஸ்டனை மேஜையில் ஓங்கி வைத்தார். அது உருண்டு சிமெண்ட் தரையில் விழுந்தது. ஓரம் விண்டுபோனது.

அப்படியே மூடிவிடலாம் என்ற வழியும் அதோடு அடைபட்டது. ஒன்றை மட்டும் மாற்றினால் எடை ஒத்துவராது. நாலையும் மாற்ற வேண்டும். கோபத்தில் அளவெடுக்கத் தோன்றவில்லை. வண்டியின் மாடலை மட்டும் சொல்லி ஒரு செட் வாங்கி வந்தார். சிலிண்டரில் வைத்ததும் பிஸ்டன் கிணற்றில் போட்ட கல் மாதிரி தானாக உள்ளே போனது. யாரோ ஏற்கெனவே சிலிண்டரைக் கடைந்து, ஒரு சுற்றுப் பெரிய பிஸ்டன் போட்டிருக்கிறார்கள்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரை அரை மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினார். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க கேட்டதைத்தானே அண்ணே குடுத்தேன். பழைய பிஸ்டன் தலையிலயே அளவு போட்டிருக்குமே, பார்க்கலையா?"

பார்க்கவில்லை. கடைக்காரர் சொன்னது சரியாக இருந்ததுதான் ரேடியேட்டருக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

அன்று வீட்டுக்குப் போனபோது மனைவி தையல் மெஷினை நிறுத்திவிட்டு, என்றும் இல்லாத சிரிப்போடு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அந்த வெள்ளை வண்டி எப்படிங்க இருக்கு?"

கடை வழியாகப் போனவள் பார்த்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். "அதெல்லாம் ஒரு வண்டியா? தள்ளிக்கிட்டுப் போய்க் காயலான் கடையில போடணும். அதைப் போய் வாங்கியிருக்கு பாரு ஒரு ஜென்மம், அதுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்குமா?"

மனைவி எழுந்து போய்விட்டாள். மெஷின் கடகடவென்று ஓட ஆரம்பித்தது. அதற்குப் பிறகு அவள் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தன்னுடைய கஷ்டத்தைப் புரிந்துகொள்ள வீட்டிலும் நாதியில்லை என்று அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டார்.

நாலாவது நாள் சரியான அளவு பிஸ்டன் வந்தது. ரிங் மாட்டும் நேரத்தில் போன்காரரே கூப்பிட்டார். ரேடியேட்டர் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது, துண்டித்தார். போனில் திட்டினால் ஆத்திரம் தீராது. ஆள் நேரில் வரட்டும் என்று காத்திருந்தார். என்னென்ன கேட்க வேண்டும் என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டே மாட்டியதில், மேல் பக்கம் பார்க்க வேண்டிய ரிங்குகள் கீழ்ப் பக்கம் பார்த்துவிட்டன.

எஞ்சினைப் பூட்டி ஸ்டார்ட் செய்தார். கடை முழுக்க நீலப் புகை. தீப்பிடித்துவிட்டது என்று வெல்டர் வாளித் தண்ணீரோடு ஓடி வந்து, யோசிக்காமல் ரேடியேட்டர் தலையிலேயே ஊற்றினார். அந்த வண்டி புகை விட்டது அதுதான் முதல் தடவை.

திரும்பவும் எல்லாவற்றையும் பிரித்தார். இந்த முறை வாயையும் மூடிக்கொண்டு, ஒவ்வொரு ரிங்காகப் பார்த்துப் பார்த்து மாட்டினார். ஏழாவது நாள் மத்தியானம் எஞ்சின் பூனை மாதிரி உறுமியது. புகை இல்லை. உடம்பில் தெம்பும் இல்லை.

அப்போது கையில் ஒரு ஃபைலோடு, சட்டையில் மடிப்புக் கலையாத ஒரு மனிதர் உள்ளே வந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வண்டி ஜோரா இருக்குல்ல?" என்று சிரித்தார்.

ஏழு நாளாகச் சேர்த்து வைத்தது எல்லாம் மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. இல்லாத புகையைப் பார்த்த கண்ணில் ஆரம்பித்து, போனை அணைத்து வைத்த விரல்வரை ஒன்று விடாமல் திட்டினார். கடைக்காரரோடு சண்டை, வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை, எல்லாம் உன்னால்தான் என்றார்.

"இருபது வருஷமா ஊரான் வண்டியோட மல்லுக்கட்டுறேன்யா. நான் வர்றதும் போறதும் பஸ்ஸுல. உன்னை மாதிரி ஆளுங்களுக்கெல்லாம் காரு ஒரு கேடா?"

வந்தவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ரேடியேட்டருக்கு மூச்சு வாங்கும்வரை காத்திருந்தார். பிறகு ஃபைலை மெதுவாக நீட்டினார்.

"நான் யாருக்கும் போன் பண்ணலீங்க, நான் கார் புரோக்கர். உங்க வீட்டம்மா உங்களுக்குத் தெரியாம உங்க பேர்ல வாங்கி, கடை வாசல்ல நிறுத்திச் சாவியை ஷட்டருக்கு அடியில தள்ளச் சொன்ன இந்த வண்டிக்குப் பேப்பர் குடுக்க வந்தேன். பிஸ்டன், ரிங்கெல்லாம் போன மாசம்தான் புதுசா போட்டது, பத்து வருஷத்துக்கு நீங்க எஞ்சின்ல கையே வைக்க வேண்டாம்."