இரண்டு அடுப்பு வைத்த பிரேக்

என் பெரிய மகனுக்கு, ஐந்தாம் வகுப்போடு சிலேட்டைக் கவிழ்த்து வைத்த உன் அம்மா எழுதுவது. நானும் உன் மகள் குட்டியும் இங்கே சுகம். உன் சுகமும் மருமகளின் முழங்கால் சுகமும் அறிய ஆவல்.

உன் அப்பாவின் லாரியைப் புதன்கிழமை பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடு, அவர் கண் முன்னால் வண்டி ஒழுங்காக நின்று காட்டினால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தாய். நியாயம்தான். போன மாதம் அது பிரேக் பிடிக்காமல் நம் கேட்டையே மடியில் வாங்கிக்கொண்டு வந்தது. ஆனால் குட்டி அதை நம்பித்தானே சரக்கு ஏற்றும் தொழில் தொடங்கப் பார்க்கிறாள்? கடிதத்தை மடித்துவிட்டு ஷெட்டுக்குள் போனவள்தான், பத்து நாளாகச் சோற்றுத் தட்டிலும் கிரீஸ் ரேகை. பழைய பிரேக்கில் நாலு சக்கரத்துக்கும் ஒரே சிலிண்டர், ஒரே எண்ணெயாம். எங்கே ஒழுகினாலும் மொத்தமும் போச்சு. அவள் மாட்டும் புதிதில் முன்சக்கரத்துக்குத் தனி அறை, பின்சக்கரத்துக்குத் தனி அறை. "ஒரே வீட்டுல ரெண்டு அடுப்பு மாதிரி, பாட்டி. ஒண்ணு அணைஞ்சாலும் இன்னொண்ணு எரியும்" என்றாள். உன் பெண்டாட்டி வந்த புதிதில் கேட்டதும் இதைத்தானே, நான்தான் புரியாமல் சண்டை போட்டேன்.

குழாயில் இருக்கும் காற்றை வெளியேற்ற ஓர் ஆள் பெடலை மிதிக்க வேண்டும், அது நான். அவள் சக்கரத்தடியில் படுத்துக்கொண்டு அழுத்து, பிடி, விடு என்பாள். நான் அழுத்துவேன், பிடிப்பேன், விடுவேன். தகரக் கூரை ஓட்டை வழியாக வெயில் காசு காசாக மடியில் விழுந்தது. கண்ணாடியில் தூசி பொன்னாக மிதந்தது. அழுத்து, பிடி என்று தாலாட்டு மாதிரி வந்துகொண்டே இருக்க, லாரி மெல்லத் தரையை விட்டு எழும்பி, சத்தமே இல்லாமல் மேகத்துக்கு நடுவே போனது. ஓட்டியது நான்தான், எனக்கு அங்கே பல்லெல்லாம் இருந்தது. ஒரு மேகத்தோரம் இறங்கலாமென்று காலை எடுத்தேன். அவள் இன்னும் விடு என்று சொல்லவில்லையாம். எண்ணெய் போகும் வழியில் குபுக்கென்று காற்று ஏறிவிட்டது. மறுபடி முதல் சக்கரத்திலிருந்து. இப்படி மூன்று முறை பறந்தேன். அவள் ஒரு வார்த்தை கோபிக்கவில்லை, "எங்க வரைக்கும் போன பாட்டி?" என்று மட்டும் கேட்டாள்.

புதன்கிழமை இரும்புக்காரர் நம் தெருச் சரிவின் அடியில் வந்து நின்றார். குட்டி வேண்டுமென்றே பின்சக்கரக் குழாயைத் தளர்த்திவிட்டு, முன்சக்கரப் பிரேக் மட்டும் போதும் பாருங்கள் என்று சொல்லி ஏறினாள். நானும் ஏறினேன். வண்டி உருண்டது. அவள் மிதித்தாள், பெடல் கிணற்றுக்குள் போவது போல ஆழமாய்ப் போனது. அவளுக்குத் தெரியாமல் கைபிரேக் கம்பியைப் பிடித்து ஒரே இழுப்பு. வெண்ணெயில் கத்தி மாதிரி வந்தது, இந்த வயதிலும் என் கைக்கு அவ்வளவு வலு. வண்டி இரும்புக்காரரின் செருப்புக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. "இது எடைக்குப் போற சாமான் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

உனக்கு மட்டும் சொல்கிறேன், நிறுத்தியது நான். அவளிடம் சொல்லாதே, பிள்ளை மனசு ஒடிந்துவிடும். வண்டியை விற்கவும் வேண்டாம். தினமும் நான் பக்கத்து சீட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு போய்வருகிறேன். நீயும் உன் வீடும் நூறு பாதை போய் நலமாய்த் திரும்புங்கள்.

இப்படிக்கு, ஆசியோடு அம்மா.

பின்குறிப்பு: உறை ஒட்ட வந்தவள் இதைப் படித்துவிட்டாள். கைபிரேக் கேபிளைக் கழற்றி ஒரு வாரமாச்சாம், ஷெட்டுச் சுவரில் ஆணியில் தொங்குகிறது, புதுசு நாளைக்குத்தான் வருமாம். நான் இழுத்த கம்பி எதோடும் சேர்ந்திருக்கவில்லை. "அப்ப யாருடி நிறுத்தினது?" என்றேன். "முன்சக்கரம், பாட்டி" என்றாள், அவ்வளவுதான். ஆகவே நான் நிறுத்தியதாக எழுதியதையெல்லாம் அடித்துவிடு. விற்காதே என்பதை அடிக்காதே. பக்கத்து சீட்டுக்கு இனி ஆள் வேண்டியதில்லையாம். இருந்தாலும் நான் போவேன்.