லுவோ சாரின் கால் கட்டைவிரல்

மின்யி காய்ச்சிய கஷாயம் வேலை செய்தது. கொஞ்சமாகச் செய்தது. அதுதான் தொல்லை.

யூரிக் அமிலத்தை உண்டாக்கும் நொதி சோதனைக் குழாயில் இருந்தது. கஷாயத்தை விட்டதும் அது சற்றுத் தயங்கியது. பிறகு தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

"நிக்கலை. வெக்கப்படுது, அவ்வளவுதான்," என்றார் டெங்.

டெங் ஆய்வுக்கூடத்தின் கருவிகளைப் பார்த்துக்கொள்பவர். ஒரே பேராசிரியரிடம் மின்யிக்கு முன்னால் படித்தவர் என்பதால் அவளுக்கு அண்ணன்.

"அப்புறம் லுவோ சார் கால்ல மட்டும் எப்படிண்ணே நிக்குது?"

"அவர் கால்கிட்ட போய்க் கேளு."

தென்சீனத்துக் குவாங்சோவில், யூரிக் அமிலம் மூட்டில் தங்கி வலிக்கிற கவுட் நோய் எட்டிப் பார்க்காத குடும்பம் குறைவு. நண்டு, சிப்பி, அரைநாள் கொதித்த எலும்பு சூப், மேலே குளிர்ந்த பீர். மூலிகை மருத்துவக் கல்லூரியின் துறைத் தலைவரான லுவோ சாருக்கும் அது இருந்தது. முன்பெல்லாம் போர்வை நுனி கால் கட்டைவிரலில் பட்டாலே அலறுவார். இப்போது அதே மனிதர் விருந்துகளில் நண்டுக் காலைப் பல்லால் உடைக்கிறார். விரல் வீங்குவதில்லை.

அப்படி ஒரு விருந்தில்தான் அவர் கோப்பையை உயர்த்தி, "எல்லாம் என் மாமனாரோட கஷாயம்," என்றார். மாமனார் காலஞ்சென்ற சூ வைத்தியர். ஒன்பது மூலிகை, அதில் தலையானது பறங்கிப்பட்டை வேர். லுவோ சார் அதைச் சொன்னது பக்கத்தில் இருந்த மனைவிக்காக. ஆனால் மறுபக்கம் கல்லூரியின் தலைவர் உட்கார்ந்திருந்தார். மறுவாரம் அது ஓர் ஆராய்ச்சித் திட்டமாகிவிட்டது.

கஷாயத்தில் வேலை செய்கிற பொருள் எது? இலையுதிர் காலத்தில் மதிப்பீட்டுக் குழு கூடும். அதற்குள் மின்யி பதில் சொல்ல வேண்டும். சொன்னால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் ஒப்பந்தம் முடிந்தது, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

"பாத்திரமா இருக்குமோ?" என்றாள் மின்யி. "நான் எவர்சில்வர்ல காய்ச்சறேன். அவங்க வீட்டுல மண்பானை."

லுவோ சாரிடம் கேட்டாள். அவர் தன் ஃபிளாஸ்க்கை மார்போடு அணைத்துக்கொண்டார். தினமும் காலையில் மனைவி ஊற்றிக் கொடுப்பது. பத்து மணிக்கு எல்லோர் முன்னிலையிலும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பார்.

"பானையில என்ன இருக்கு? மருந்துச் சீட்டு உங்கிட்ட இருக்கு. அதன்படி காய்ச்சு."

"உங்க வீட்டுக் கஷாயம் ஒரு கோப்பை கொடுத்தீங்கன்னா சார்..."

"அது மாமனாரோடது. பங்கு போடறதில்ல."

மின்யி அவர் வீட்டுக்கே போனாள். அவர் மனைவி சூ யுன் பானையைத் தேடி எடுத்துத் துடைத்துக் கொடுத்தார்.

"எத்தனை நாள் வேணும்னாலும் வெச்சுக்கோ கண்ணு."

"அப்போ சாருக்கு எதுலம்மா காய்ச்சுவீங்க?"

"அதுக்கென்ன, பாத்திரமா இல்ல வீட்டுல?"

மண்பானைக் கஷாயத்துக்கு நொதி முன்னைவிடக் குறைவாகவே தயங்கியது. பாதியைப் பானையே குடித்துவிட்டது.

"தண்ணியைப் பாரு," என்றார் டெங்.

இந்த ஊரில் சூப்புக்கும் தேநீருக்கும் குழாய்த் தண்ணீரை மதிக்காதவர்கள் உண்டு. அவர்கள் வெண்முகில் மலை ஊற்றுக்குக் கேன்களோடு போவார்கள். மின்யியும் போனாள். வரிசையில் எல்லோரும் பணி ஓய்வு பெற்றவர்கள்.

"வேலை வெட்டி இல்லையா பொண்ணே?" என்று கேட்டார் முன்னால் நின்றவர்.

"வேலைக்காகத்தான் வந்தேன்."

"தண்ணி பிடிக்கவா சம்பளம் தர்றாங்க? எங்கன்னு சொல்லு, என் மருமகனை அனுப்பறேன்."

ஊற்றுத் தண்ணீரில் ஏதோ தாது. கஷாயம் திரிந்து, சேறாக அடியில் தங்கியது. நொதிக்கு இப்போது வெட்கமும் போய்விட்டது.

அன்று காலை லுவோ சாரை அவசரமாகக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். ஃபிளாஸ்க் மேசையில் இருந்தது. டெங் அதைப் பார்த்தார். மின்யியைப் பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"நான் எதையும் பாக்கலை," என்றார்.

மின்யி ஊசியால் துளி எடுத்தாள்.

நொதி நின்றது. தயங்கவில்லை, நின்றேவிட்டது. மின்யி மூன்றாவது முறையும் செய்து பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஒரு திரவத்தில் இருப்பதையெல்லாம் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் திரையில் ஒரு முகடு வரைந்து காட்டும் கருவி டெங்கிடம் இருந்தது. மின்யி காய்ச்சியதில் பறங்கிப்பட்டை வேரின் முகடுகள் மலைத்தொடர்போல எழும். ஃபிளாஸ்க் கஷாயத்தில் அவை இல்லை. தரை போன்ற கோடு. நடுவில் ஒரே ஒரு கொம்பு.

"வேரைக் காணோமே?" என்றார் டெங்.

மின்யி திரைக்கு அருகே குனிந்தாள். "புரிஞ்சுதுண்ணே. அம்மா ரொம்ப நேரம் கொதிக்க விடறாங்க. வேர்ல இருக்கறதெல்லாம் உடைஞ்சு, ஒண்ணா சேர்ந்து, புதுசா ஒரு பொருள் ஆயிடுது. அதுதான் இது."

கேட்க அழகாக இருந்தது. அதனால் இருவரும் நம்பினார்கள்.

மறுநாள் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை கஷாயத்தை மண்பானையில் கொதிக்க வைத்தாள். மாடி முழுக்க நாற்றம். எதிர் ஆய்வுக்கூடத்தில் எலிகள் தீனி எடுக்கவில்லை என்று புகார் வந்தது. புகைமணி அடித்தது, மூன்று வகுப்புகள் மைதானத்தில் போய் நின்றன. பானையடியில் தார் மிஞ்சியது. அதில் வேரும் இல்லை, கொம்பும் இல்லை. நொதி ஒன்றுமே நடக்காததுபோல ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குள் டெங் உணவுக்கூடத்தில் வாயைத் திறந்துவிட்டார். செய்தி கல்லூரித் தலைவர்வரை போனது. அவர் நேரில் வந்து ஒற்றைக் கொம்பைப் பார்த்தார்.

"இதைப் பெரிசா அச்சடிச்சு வாசல்ல மாட்டுங்க," என்றார். "பேரு வெச்சாச்சா?"

"இன்னும் அது என்னன்னே தெரியலைங்க."

"அது அப்புறம் தெரியட்டும். சூ அமிலம்னு வைங்க."

லுவோ சார் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை. "அமிலமான்னு பாத்துட்டு..." என்று ஆரம்பித்தவர் முடிக்காமல் விட்டார்.

வாசலில் படத்தை மாட்டிய அன்று பொருளின் எடையும் அமைப்பும் தெரிந்தன. டெங் அதைத் தரவுத்தளத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார்.

"வாழ்த்துகள்மா. அருமையான பொருள். இந்த நோய்க்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு."

"நிஜமாவா?"

"நிஜமா இதுக்குன்னேதான் செஞ்சிருக்காங்க. எந்த மருந்துக்கடையிலயும் கிடைக்கும். சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மாத்திரை."

மின்யி காகிதத்தை எடுத்துக்கொண்டு லுவோ சார் அறைக்குப் போனாள். அவர் அதைப் படித்தார். எழுந்து கதவைச் சாத்தினார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"டெங் அண்ணனுக்கு."

"அப்போ ஊருக்கே."

"இன்னும் இல்ல சார். மிரட்டி வெச்சிருக்கேன்."

லுவோ சார் உட்கார்ந்தார். "கஷாயம் குடிச்சேன்மா. பொய் இல்ல. ரொம்ப நாள் அதை மட்டுமே குடிச்சேன். வலி கொஞ்சம் குறைஞ்சுது. ஆனா நண்டைத் தாங்கற அளவுக்கு இல்ல."

"நண்டை விட்டிருக்கலாமே சார்?"

"நீ இந்த ஊர்ப் பொண்ணுதானே?"

மின்யி ஃபிளாஸ்க்கைக் காட்டினாள்.

"மாத்திரையைத் தனியா முழுங்கித் தொலைச்சிருக்கக் கூடாதா? ஃபிளாஸ்க்ல ஏன் போட்டீங்க?"

"மூலிகைத் துறைத் தலைவர் மேற்கத்திய மாத்திரை முழுங்கறதை யாராவது பாத்தா? கார்லயே பொடிச்சுப் போட்டுக் குலுக்கிடுவேன்."

"அம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

அவர் வெளியே பார்த்தார். "காலையில அவ அடுப்புகிட்ட நிப்பா. அப்பாகூட ஏதோ பேசிட்டு நிக்கற மாதிரி இருக்கும். அதைப் போய், வேணாம், எனக்கு மாத்திரை போதும்னு எப்படிச் சொல்றது? சொல்லலாம் சொல்லலாம்னு நாள் ஓடிருச்சு."

மின்யிக்கு வந்த கோபம் நிற்க இடமில்லாமல் போய்விட்டது.

"வாசல்ல இருக்கற படத்தை நான் இறக்கச் சொல்றேன்," என்றார் அவர். "குழுகிட்ட என் தப்புன்னே சொல்றேன். உன் கஷாயத்துக்கு நொதி கொஞ்சம் தயங்குச்சே, அதை எழுது. சின்னதா இருந்தா என்ன, உண்மை."

"அதையும் எழுத முடியாது சார்." "மாத்திரையைக் கழிச்சுட்டாலும் கணக்கு உதைக்குது. என் கஷாயத்துல வேரோட முகடு அத்தனையும் இருக்கு. உங்க ஃபிளாஸ்க்ல ஒண்ணுகூட இல்ல. ஒரே சீட்டு, ஒரே கடை வேர். எங்க போச்சு அது? படத்தை ஊரே பாத்தாச்சு, குழுவும் கேக்கும். எனக்குப் பதில் தெரியலைன்னா, நான் காய்ச்சினதே தப்புன்னுதான் முடிவு பண்ணுவாங்க. என் கதை அதோட முடிஞ்சுது."

லுவோ சார் ஃபிளாஸ்க்கைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். பதில் அதிலும் இல்லை.

"சத்தியமா எனக்கும் தெரியலைம்மா," என்றார். பிறகு தணிந்த குரலில், "அவகிட்ட மட்டும் மாத்திரையைப் பத்திச் சொல்லிடாதே. நான் மெதுவா..."

தாரைச் சுரண்டிக் கழுவ ஒரு நாள் ஆனது. மின்யி பானையை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனாள். சூ யுன் சமையலறையில் மீனுக்கு இஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன கண்ணு, முகம் வாடிக்கிடக்கு? கிடைச்சுதா எங்கப்பா மருந்துல இருக்கறது?"

"தேடிட்டு இருக்கோம்மா."

"நிஜமா வேலை செய்யுதா அது? எனக்கு மறைக்காம சொல்லு."

"செய்யுது. கொஞ்சமா. ஆனா நான் காய்ச்சினாத்தான் செய்யுது." சொல்லக் கூடாது என்று நினைத்தும் வாய் நிற்கவில்லை. "சார் ஃபிளாஸ்க்ல பாத்தா, வேர் இருந்த தடமே இல்லம்மா. எத்தனை நேரம்மா கொதிக்க விடறீங்க? என் வேலையே அதுலதான் தொங்குது."

கத்தி நின்றது. சூ யுன் வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். புகைவிசிறியைப் போட்டார். அதன் இரைச்சலில் மின்யியின் அருகில் வந்து நின்றார்.

"தினமும் அந்த ஃபிளாஸ்க்கைக் கழுவறது யாருன்னு நினைச்சே? அடியில வெள்ளையா மாத்திரைத்தூள் தங்கியிருக்கும். எங்கப்பா பேருக்காக மறைக்கறார் மனுஷன். நானும் கேட்டுக்கலை."

"அப்போ வேர்?"

"மாத்திரையும் வேரும் சேர்ந்தா அவர் ஈரல் என்னத்துக்கு ஆகும்? தூளைப் பாத்த மறுநாளே மூலிகை எல்லாத்தையும் நிறுத்திட்டேன். வெறும் கருக வறுத்த அரிசித் தண்ணியைத்தான் அந்த மனுஷன் இத்தனை வருஷமா மூக்கைப் பிடிச்சிட்டுக் குடிக்கறார்."