பையர் அமுக்கிய ஹெல்ப் பட்டன்

என் எழுத்தை முழுதாகப் படித்த முதல் வாசகர் ஒரு வெள்ளைக்காரர். படிக்கப் படிக்க அவர் முகம் மாறியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்தப் பாக்கியம் எந்த எழுத்தாளருக்கும் வாய்க்க வேண்டாம்.

தொண்ணூறுகளின் நடுவில், திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் நான் 'கம்ப்யூட்டர் மேடம்'. (வயது இருபத்து மூன்று, படித்தது ஆறு மாதக் கோர்ஸ், தலைக்கனம் மட்டும் தாராளம்.) அவிநாசிபாளையத்திலிருந்து பஸ்ஸில் வந்து போவேன். எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்களுக்குப் பையர் என்று பெயர். அவர்கள் ஆர்டரின் நிலவரத்தைக் காட்ட ஒரு புரோகிராம் எழுதியிருந்தேன். ஆபீஸில் இருந்தது ஒரு வகைக் கம்ப்யூட்டர், டிசைன் ரூமில் இருந்தது வேறு வகை. ஒன்றில் ஓடுவது மற்றதில் ஓடாது. என் புரோகிராம் இரண்டிலும் ஓடியது. அதைப் பார்த்து வியக்க அங்கே ஆள் இல்லாததால் நானே வியந்துகொண்டேன்.

புரோகிராமுக்குள்ளேயே ஹெல்ப் ஃபைல் வேண்டும் என்று அடம்பிடித்தவளும் நான்தான். புரியாத இடத்தில் ஒரு பட்டனை அமுக்கினால் விளக்கம் வரும். 'ஷிப்மென்ட் தேதி: இங்கே ஷிப்மென்ட் தேதியை எழுதவும்' என்ற தரத்தில் நாற்பது பக்கம் ஆங்கிலத்தில் எழுதிக் குவித்தேன். புரொடக்‌ஷன் மேனேஜர் சாதிக் பாய் அதில் இரண்டு பக்கம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, தேதின்னு போட்ட எடத்துல தேதிதான் எழுதணும்னு எல்லாருக்கும் தெரியும். எந்தத் தேதின்னு சொல்லு. அதுதாம்மா ஹெல்ப்பு."

சுருக்கென்றது. "அப்ப நீங்களே சொல்லுங்க பாய்" என்றேன். மூன்று நாள் சொன்னார். ஒரு வரி விடாமல் நாற்பது பக்கத்தையும் ஆங்கிலத்தில் மாற்றி எழுதி, இரண்டு கம்ப்யூட்டரிலும் ஏற்றினேன்.

'ஷிப்மென்ட் தேதி: பையரிடம் சொன்ன தேதியை எழுதவும். உண்மையான தேதி தெரிய, பதினைந்து நாள் கூட்டிக்கொள்ளவும். சாயப்பட்டறையைக் கேட்டுச் சொன்னதென்றால் இருபத்தைந்து.'

'நிறம்: பையர் கேட்ட நிறத்தை எழுதவும். வந்த நிறம் வேறாக இருந்தால் டியூப்லைட்டுக்குக் கீழே வைத்துக் காட்டவும். வெயிலில் காட்டக் கூடாது.'

'தாமதத்துக்குக் காரணம்: மழை, கரண்ட், பண்டிகை. போன தடவை சொன்னதைப் பார்த்துவிட்டு மாற்றி எழுதவும்.'

அப்போதுதான் ஐரோப்பாவிலிருந்து ஒரு பையர் வருவதாகச் செய்தி வந்தது. நிலவரத்தைக் கம்ப்யூட்டரில் காட்டும் கம்பெனிக்குத்தான் ஆர்டராம். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"அம்மிணி, இந்த ஆர்டர் வந்தாத்தான் கம்ப்யூட்டரும் இங்க இருக்கும், நீங்களும் இருப்பீங்க. பாத்துக்குங்க." (எங்கள் பக்கம் வேலையை விட்டுத் தூக்குவதானாலும் 'ங்க' போட்டுத்தான் தூக்குவார்கள்.)

பயத்தில் புத்தி வந்தது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் பாய் சொன்னதை எடுத்துவிட்டுப் பழைய அசட்டு ஹெல்ப்பை வைத்தேன். ஆனால் இரண்டு வகைக்கும் ஹெல்ப் ஃபைலைத் தனித்தனியாகத்தான் செய்ய வேண்டும். டிசைன் ரூமுக்குச் செய்ய இன்னொரு முழுநாள் ஆகும். அங்கே யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். சோம்பேறித்தனம்தான், வேறென்ன.

பையர் வந்து உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் கரண்ட் போனது. கரண்ட் இல்லாமல் ஓடும் பேட்டரி வசதி டிசைன் ரூமில் மட்டும்தான் இருந்தது. "அங்கயும் இதேதானுங்களே ஓடுது?" என்று முதலாளி பெருமையாக அவரை எழுப்பிக் கூட்டிப்போனார். அங்கே பாய் சொன்ன ஹெல்ப் அப்படியே இருந்தது. நானும் பின்னாலேயே ஓடினேன்.

அந்தக் கீபோர்டில் 'ஹெல்ப்' என்றே எழுதிய பட்டன் ஒன்று இருந்தது. வேறெதையும் தொடாமல் பையர் நேராக அதை அமுக்கினார். படித்தார். அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம் என்று நிதானமாகப் படித்தார். பிறகு மேசையிலிருந்த சாம்பிள் பனியனை எடுத்துக்கொண்டு ஜன்னலோர வெயிலுக்குப் போனார்.

"ஏனம்மிணி, வெயில்ல எதுக்குங்க பாக்கறாரு?"

"பாக்கக் கூடாதுன்னு ஹெல்ப்புல போட்டிருக்குதுங்க."

எல்லாவற்றையும் முதலாளிக்குத் தமிழில் படித்துக் காட்டும் பொறுப்பும் எனக்கே வாய்த்தது. வாசலில் நின்ற சாதிக் பாய் கூரையில் எதையோ தேடினார்.

"இதையெல்லாம் ஆருங்க உங்களுக்குச் சொன்னது?" என்றார் முதலாளி.

"நானாத்தானுங்க எழுதுனேன்" என்றேன். அன்று நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அது.

பையர் திரும்பி வந்து உட்கார்ந்தார். ஆர்டர் கொடுத்தார்! தேதியைப் பார்த்து முதலாளி அலறினார். "இத்தன சீக்கிரமா எப்படிங்க முடியும்?" நான் மொழிபெயர்த்தேன். பையர் திரையில் விரலை வைத்து, "இருபத்தைந்து நாள் முன்கூட்டியே கழித்துக்கொண்டேன்" என்றார். பிறகு அந்த நாற்பது பக்கத்தையும் அச்சடித்து ஒப்பந்தத்தோடு இணைக்கச் சொன்னார். ஆர்டர் வந்துவிட்டதால் என் வேலை தப்பியது. முதலாளி மட்டும் ஆறு மாதம் என்னோடு பேசவில்லை.

கதை திருப்பூரின் பனியன் கடைத்தெருவான காதர்பேட்டை முழுக்கப் பரவியது. கல்யாணமாகி வந்த வீட்டிலும் எனக்கு 'ஹெல்ப் பட்டன்' என்றே பெயர். விருந்தாளி வந்தால் என் கணவர், "இவளை மட்டும் அமுக்கிறாதீங்க, உண்மை வந்துரும்" என்பார்.

போன வருடம் என் மகனுக்குப் பெண் கொடுப்பவர்கள் எங்கள் வீடு பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை காலையில் எத்தனை மணிக்கு எழுவார் என்று பெண்ணின் அம்மா கேட்டார். "அஞ்சு மணிக்கெல்லாம் எந்திரிச்சுருவானுங்க" என்றார் கணவர். சொல்லும்போதே, காபி கொண்டுவா என்று கண்ணாலேயே என்னைச் சமையலறைக்குத் துரத்தினார்.

அந்தம்மா என் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினார். "நீங்க சொல்லுங்க."

"ஒம்பது ஆகுமுங்க. அதும் நான் போர்வைய உருவுனாத்தான்."

"எங்க புள்ளையும் அப்படித்தானுங்க. அப்ப முடிச்சுக்கலாமுங்க."