லேடாங் மலை உயரம் விழுந்த விமானம்

"மத்தியானம் ஃபெலிசியா அக்கா சாப்பிட வர்றாங்க," என்றாள் ஜோன்.

ரோலண்டின் வாய்க்குப் போன மீ பண்டோங் நூடுல்ஸ் பாதி வழியில் நின்றது. ஒரு இறால் மட்டும் துணிந்து மடியில் குதித்தது.

ரோலண்ட் ஒரு காலத்தில் விமானப் பணியாளர். முழங்கால் உடைந்ததற்கு அவர் வைத்திருந்த கதையை மூவாரில் கேட்காத காக்காய் கிடையாது. வங்காள விரிகுடாவுக்கு மேல் விமானம் தடாலென்று விழ, கைக்கொரு குழந்தையோடு அவர் கூரையில் முட்டிக் கீழே வந்தாராம். கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் ஆழம் கூடி, இப்போது லேடாங் மலை உயரத்துக்கு விழுகிறது.

அந்த விமானத்தில் பயணியாக வந்தவள்தான் ஜோன். கண்ணை இறுக மூடி ஜெபமாலை உருட்டியவள் எதையும் பார்த்திருக்க மாட்டாள் என்பது ரோலண்டின் தைரியம். ஆஸ்பத்திரிக்குத் தினமும் சூப் கொண்டு வந்தாள்; பிறகு கழுத்தையும் நீட்டினாள். வீரனைக் கட்டிய பூரிப்பு! இன்றும் கதை ஆரம்பித்தால் தலையைக் குனிந்துகொள்வாள். அவ்வளவு அடக்கம்.

ஆனால் ஃபெலிசியா அதே விமானத்தில் வேலை பார்த்தவள். கண்ணைத் திறந்துகொண்டு.

"பாவம், அவங்களுக்கு ஞாபகமே போச்சாம்," என்று ரோலண்ட் அணை போட்டார்.

"அலமாக்! அப்போ அந்த ஃப்ளைட் கதையைச் சொல்லுங்க. ஞாபகம் வந்துரும் லா."

ஃபெலிசியா வந்ததும் ஜோன் காதருகே கத்தினாள்: "அக்கா, இதுதான் ரோலண்ட்!"

"தெரியுது. தொப்பைதான் புதுசு."

ரோலண்ட் அவசரமாகப் பேச்சை மாற்றினார். "மெட்ராஸ்ல மல்லிகைப்பூ வாங்கி ஐஸ் பெட்டியில வைப்போமே!"

ஃபெலிசியாவின் முகம் இருபது வயதுக்குத் திரும்பியது. "ப்ளேன் முழுக்க வாசம்! அன்னிக்குக் குலுங்கினப்போ பெட்டி தொறந்து, எல்லார் தலையிலயும் பூ!"

தப்பி ஓடியவர் நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குள் நுழைந்தது போலாயிற்று.

"அது சும்மா லேசா குலுங்குச்சு," என்றார் ரோலண்ட்.

ஃபெலிசியா கரண்டியை வைத்தாள். "லேசாவா? என் கணுக்காலுல இன்னும் கம்பி இருக்கு! பயணிங்க பெல்ட் போட்டிருந்தாங்க. நின்னது நான். நானும் ட்ரோலியும் கூரைக்குப் போய்ட்டு வந்தோம். நீ பின் சீட்டுல பெல்ட்ட மாட்டிக்கிட்டு 'அம்மா'ன்னு கத்திக்கிட்டிருந்தே!"

"என் முட்டி உடைஞ்சது நிஜந்தானே?" தானாகவே வாயைக் கொடுத்தார்.

"நிஜந்தான். ப்ளேன் இறங்கி, கதவைத் தொறந்தப்புறம். என்னைத் தூக்கிட்டுப் போறதை வேடிக்கை பார்த்துக்கிட்டே வந்து, கீழே கிடந்த பேப்பரை மிதிச்சு சறுக்கினே. அடியில ஆரஞ்சு ஜூஸ்."

மலை உயரத்திலிருந்து ரோலண்ட் உண்மையாகவே விழுந்தார், பெல்ட் இல்லாமல். இத்தனை கால இல்வாழ்க்கையும் கூடவே விழுந்தது. மெல்ல மனைவியைப் பார்த்தார். வழக்கம்போல் தலையைக் குனிந்திருந்தாள்.

"அக்கா, ஜூஸைக் கொட்டிட்டு பேப்பரைப் போட்டு மூடினதே நான்தான்," என்றாள் ஜோன். "பின்ன எதுக்கு இவரைக் கட்டிக்கிட்டேன்னு நெனச்சீங்க?"