காருக்குக் கம்பளி வழங்கிய எஸ்டேட்

தொழிலாளர் நலனில் உலகுக்கே வழிகாட்டும் எஸ்டேட் எது என்று யாராவது கேட்டால், பந்தலூர்க்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு குளிர்மேடு எஸ்டேட்டைக் காட்டலாம். கண்ணைத் திறந்தால் காட்ட முடியாது என்பது வேறு விஷயம்.

குளிர்மேட்டின் நூற்றாண்டு விழாவுக்குச் சேர்மன் வருவதாக இருந்தது. அவருடைய அப்பா ஓட்டிய கறுப்பு அம்பாசடர், பதினெட்டு வருடமாக ஷெட்டில் கோழிகளுக்குக் குடியிருப்பாக இருந்தது. மேனேஜர் பிராங்ளின் கோழிகளை வெளியேற்றிவிட்டு, காரைக் கராஜ் பெயிண்டர் வீரையாவிடம் ஒப்படைத்தார். சேர்மன் அதில் தன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பது உத்தரவு.

வீரையா தொழில் தெரிந்தவன். பெயிண்ட் அடித்துக் காயவிட்டு, தண்ணீர் ஊற்றி ஊற்றி வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளால் நான்கு நாள் தேய்த்தான். மேடுபள்ளம் எல்லாம் போயிற்று. கூடவே மினுமினுப்பும் போயிற்று. பார்வையிட வந்த பிராங்ளின் குனிந்து பானெட்டில் தன் முகத்தைத் தேடினார், கிடைக்கவில்லை.

"என்னய்யா இது? காரைக் கேட்டா கரும்பலகையைக் காட்டுற!"

"இனிமேத்தான் தொரை மின்னும். மிஷின்ல பேடு மாட்டி ஓட்டணும்."

"என்ன வேணுமோ எழுதிக் கொடு, போ."

வீரையா எழுதிக் கொடுத்தான்: வேகமாகச் சுற்றும் மிஷின் ஒன்று, கட்டிங் ஒரு டப்பா, கம்பளி பேடு நான்கு, ஸ்பாஞ்சு பேடு இரண்டு.

சீட்டு, ஹெட் கிளார்க் மருதாசலத்தின் மேசைக்குப் போனது. வரிகளைப் படித்து நேரத்தை வீணடிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. சொல்லைப் பார்த்தாலே போதும். 'கம்பளி' என்ற சொல் கண்ணில் பட்டால் கை தானாக ரப்பர் ஸ்டாம்பைத் தேடும். மழையில் தேயிலைக் கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு, தலையோடு போர்த்திக்கொள்ளச் சட்டப்படி கொடுத்தாக வேண்டிய கம்பளி மூன்று வருடமாக வரவில்லை. கேட்டு வரும் மனுக்களில் எல்லாம் 'பரிசீலனையில் உள்ளது' என்று அவர் குத்திக்கொண்டே இருந்தார். வீரையாவின் மனைவி அங்கம்மாவின் மனுவில் மட்டும் அந்த முத்திரை ஏழு தடவை விழுந்திருந்தது.

அங்கம்மா உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டுதான் மலை ஏறினாள். போன மழைக்கு வந்த இருமல் இந்த மழை வந்தும் போகவில்லை. இன்னொரு தடவை நனைந்தால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலைக்கு வராவிட்டால் பேரை வெட்டிவிடுவோம் என்று ஆபீஸ் சொல்லிவிட்டது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கம்பளிதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

வீரையாவின் சீட்டும் முத்திரையோடு திரும்பி வந்தது. கூடவே, பணி நேரத்தில் மது கோரியது ஏன் என்று விளக்கம் கேட்டு ஒரு மெமோவும் வந்தது. மறுநாள் மேனேஜர் முன்னிலையில் 'உயர்மட்ட' விசாரணை.

"ஏனுங்க வீரையா, ஊருல எல்லாரும் கட்டிங்கை கிளாஸ்லதானுங்க கேப்பாங்க. உங்களுக்கு டப்பாவுலயே வேணுமாக்கும்?" என்றார் மருதாசலம்.

"அது பெயிண்டைத் தேய்க்கிற மருந்துங்க ஐயா."

"செரி. கம்பளி? புருசனும் பொண்டாட்டியும் மாத்தி மாத்திக் கேக்கறீங்களா?"

"இது காருக்குங்க."

மருதாசலம் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"காருக்குங்களா! அதை மொதல்லயே சொல்றதில்லீங்களா?"

அங்கேயே 'பேடு தேர்வுக் குழு' உதயமானது. பிராங்ளின் தலைவர், மருதாசலம் செயலாளர். வீரையா சிறப்பு அழைப்பாளர், ஆகவே நின்றுகொண்டிருந்தான்.

பிராங்ளின் போனில் ஒரு வீடியோவை ஓட்டினார். "வெறும் ஸ்பாஞ்சு போதும்னு வெளிநாட்டுக்காரன் சொல்றானே. கம்பளி உறுத்தாதா?"

"வாட்டர் பேப்பர் கீறலை ஸ்பாஞ்சுலயே எடுக்கணும்னா தீபாவளி வந்துரும் தொரை. கம்பளி வேகமா வெட்டும். ஆனா வட்ட வட்டமா கோடு விழும். அந்தக் கோட்டை அப்புறமா ஸ்பாஞ்சுல மெதுவா எடுத்துக்கலாம்."

"அதுக்கு எதுக்கு நாலு?"

"ஒரே கம்பளியை வச்சு ஓட்டுனா மருந்து ஏறி நனைஞ்சு கட்டியாயிரும் தொரை. அதோடயே வேலை வாங்குனா மேல்தோலு போயிரும்."

"ஐயையோ!" பிராங்ளின் பதறிவிட்டார். மேல்தோல் விஷயத்தில் அவர் இளகிய மனசுக்காரர். "நனைஞ்சதோட வேலை வாங்கக் கூடாதுய்யா. பாவம். எழுதுங்க மருதாசலம், நாலும் உடனடியா சாங்ஷன்!"

கோயம்புத்தூர் ஹெட் ஆபீஸிலிருந்து பதினோரு நிமிடத்தில் ஒப்புதல் வந்தது. நிர்வாகத்துக்கு வேகம் போதாது என்று சொல்பவர்கள் வாயில் மண்.

வீரையா தலையைச் சொறிந்தான். "தொரை, அப்படியே பொம்பளை ஆளுகளுக்கும் ஒரு..."

"அது வேற ஃபைல்," என்றார் பிராங்ளின்.

மூன்றாம் நாள் பார்சல் வந்தது. மருதாசலம் நீட்டிய பேரேட்டில் வீரையா கையெழுத்துப் போட்டு வாங்கினான். கம்பளி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு அங்கம்மா கராஜுக்கு ஓடி வந்தாள். வீரையா ஒன்றை எடுத்துக் கொடுத்தான். வெள்ளை வெளேரென்று, வட்டமாக, ஒரு சாண் அகலம். தலையில் வைத்துப் பார்த்தாள். உச்சியில் அப்பளம்போல் உட்கார்ந்தது.

"மூணு வருசம் கேட்டதுக்கு ஒரு சாணு வந்திருக்கு," என்று சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. வீரையாவுக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. திரும்பிக்கொண்டு மிஷினைப் போட்டான்.

கார் மின்னியது. சேர்மன் வந்தார், பானெட்டில் முகத்தைப் பார்த்தார், மீசையைத் தடவிக்கொண்டார், 'உழைப்பாளர்களே எங்கள் செல்வம்' என்று பேசினார், போய்விட்டார்.

மறுநாள் விடிகாலை, ஆட்களைப் பிரித்து மலைக்கு அனுப்பும் பெரட்டில் மழை கொட்டியது. அங்கம்மா ஆபீஸ் வராந்தாவில் ஏறி எட்டாவது தடவையாகத் தன் கம்பளியைக் கேட்டாள். மருதாசலம் பேரேட்டைப் பிரித்தார்.

"உங்க ஊட்டுக்குத்தான் நாலு கம்பளி குடுத்தாச்சுங்களே! வீரையா கையெழுத்துப் போட்டிருக்காருங்க. பாக்கி ஏதும் இல்லீங்க."

"ஐயா, அது காருக்கு வந்ததுங்க!" என்று பின்னாலேயே வந்த வீரையா கத்தினான்.

"கம்பளிக்குன்னு இருக்கறது இந்த ஒரு பேரேடுதானுங்க. பேரேட்டுல ஆளு பேருதான் ஏறும். காரு கையெழுத்துப் போடாதுங்களே! சட்டப்படி ஆளுக்கு ஒண்ணுதானுங்க, உங்களுக்கு மூணு அதிகமாவே போயிருக்குது. திருப்பிக் கேக்காத வரைக்கும் சந்தோசப்படுங்க."

அங்கம்மா படியிறங்கிப் போய், போர்ட்டிகோவில் நின்ற அம்பாசடரின் பானெட்டில் தன் கொழுந்துக் கூடையைத் தூக்கி வைத்தாள்.

"ஏய்! கீறல் விழும்! எடு, எடு!" பிராங்ளின் அலறிக்கொண்டு ஓடி வந்தார்.

"நாலு கம்பளி வாங்குன ஆளு இதுதானுங்க தொரை," என்றாள் அங்கம்மா. "இன்னிக்குக் கொழுந்தெடுக்க இதையே அனுப்புங்க."